பூசாரிக்குப் பட்டம், பக்தனுக்கு வாள்



பழைய சீனத்துச் சக்கரவர்த்திகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடமாடுகிறது. அவர்கள் எல்லா மதத்தையும் சமமாக நடத்திய உத்தமர்கள், லாவோ ட்சுவின் தாவோ மதத்துக்குக் கோயில் கட்டிக் கொடுத்த தர்மவான்கள் என்பது ஒரு பேச்சு. அதே தாவோ மதத்தை அவர்கள் வாளால் வெட்டினார்கள், அதன் ஏடுகளைக் கொளுத்தினார்கள் என்பது இன்னொரு பேச்சு. இரண்டு கட்சிக்காரர்களும் சரித்திரத்தைப் புரட்டிச் சாட்சி காட்டுகிறார்கள். இரண்டு பேர் காட்டும் சாட்சியும் உண்மைதான்!

அது எப்படி? ஒரே மதம், ஒரே ராஜாங்கம். ஒரு கையில் பட்டாடை, மறு கையில் வாள். பட்டாடை யாருக்குப் போயிற்று, வாள் யார் கழுத்தில் இறங்கிற்று என்று விசாரித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். விசாரித்துப் பார்த்த வரையில் என் அபிப்பிராயம் இது: சாமியை எந்தச் சக்கரவர்த்தியும் ஒடுக்கவில்லை. சாமியின் பேரைச் சொல்லி ஏழைகள் ஒன்றுகூடி, தங்களுக்கென்று ஒரு தானியக் குதிரும் ஒரு கட்டுப்பாடும் ஏற்படுத்திக் கொண்டார்களே, அதைத்தான் ஒடுக்கினார்கள்.

தாவோ என்றால் வழி என்று அர்த்தம். லாவோ ட்சு என்ற பழங்காலத்து ஞானியின் பேரில் ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு நூல் உண்டு. 'தாவோ தே சிங்' என்று அதற்குப் பெயர். அது படித்தவர்களின் நூல். நாள் முழுவதும் ஏர் பிடித்தவனுக்கு அதைப் படிக்க எழுத்தும் தெரியாது, பொழுதும் கிடையாது. அவனுடைய தாவோ மதம் கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பசியிலும் கொள்ளை நோயிலும் பிறந்தது.

அந்தக் காலத்து ஹான் ராஜ்யத்தின் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள். நிலம் பெரிய குடும்பங்களின் கையில் குவிந்து கொண்டிருந்தது. வரியும் கடனும் தாங்காமல் சிறு விவசாயி நிலத்தை விட்டுவிட்டுக் குத்தகைக்காரனாகவோ நாடோடியாகவோ ஆனான். 171லும் 173லும் 179லும் 182லும் கொள்ளை நோய். அரண்மனையிலோ லிங் சக்கரவர்த்தி 178இல் உத்தியோகங்களை விற்கக் கடை திறந்தார்! இன்ன பதவிக்கு இன்ன விலை. பதவியை விலைக்கு வாங்கியவன் போட்ட முதலை யாரிடமிருந்து எடுப்பான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு முன்பே ஒரு நூல் கிளம்பியிருந்தது. 'தாய்பிங் சிங்', அதாவது பெரும் சமாதானத்தின் நூல். ஷுன் சக்கரவர்த்தியின் காலத்தில், 126க்கும் 144க்கும் இடையில், இதை ஒருவர் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அபத்தம், மாயம் என்று சொல்லி அதிகாரிகள் அதை மூடி வைத்துவிட்டார்கள். 166இல் சியாங் கை என்பவர் மறுபடியும் அதைக் குறிப்பிட்டு மனுப் போட்டார். அவருக்குச் சிறைதான் கிடைத்தது. அதில் என்னதான் இருந்தது? மந்திரம் இருந்தது, ஜோசியம் இருந்தது, ஆயுளை வளர்க்கும் வித்தை இருந்தது. கூடவே, செல்வத்தைக் குவித்து வைத்துக்கொண்டு பசித்தவனுக்குக் கொடுக்காதவன் பெரும் பாவி என்றும் இருந்தது. அப்படிப்பட்டவன் பொதுக் களஞ்சியத்தில் தின்று கொழுத்த எலியைப் போன்றவன், களஞ்சியத்துத் தானியம் எலிக்கு மட்டும் சொந்தமில்லை என்ற கருத்தும் இருந்தது. இதைப் புரட்சி நூல் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜா நல்லவராக வேண்டும் என்று ராஜாவிடமே மனுப் போடுகிற நூல்தான் அது. ஆனால் அரண்மனை மூடி வைத்த நூல் கிராமத்தில் திறந்துகொண்டது.

அதைக் கையில் வைத்திருந்தவர்களில் ஒருவர் சாங் ஜுவே. வட சீனாவில் ஜூலூ என்ற பகுதியைச் சேர்ந்தவர். நோயாளிகளை மண்டியிடச் செய்வார், செய்த தவறுகளை வாய்விட்டுச் சொல்லச் செய்வார், மந்திரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார். தண்ணீர் கொள்ளை நோயைத் தீர்க்குமா? தீர்க்காது. ஆனால் வைத்தியனின் வாசலையே காணாத ஜனங்களிடம் நோயைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான். பத்து வருஷத்துக்கு மேல் அவருடைய சீடர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். எட்டு மாகாணங்களில் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். முப்பத்தாறு பிரிவுகள், பெரிய பிரிவில் பதினாயிரத்துக்கு மேல், சிறியதில் ஆறாயிரம் ஏழாயிரம் பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன்.

யாங் ட்சி என்ற மந்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கொடுத்த யோசனையைக் கேளுங்கள். சாங் ஜுவேயின் பின்னால் இருப்பவர்கள் ஊர் விட்டு ஊர் அலையும் ஜனங்கள். அதிகாரிகளைக் கொண்டு அவர்களைப் பிரித்துச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் கூட்டம் கரையும். பிறகு தலைவர்களைச் சுலபமாகத் தீர்த்துக் கட்டலாம் என்றார். மந்திரத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, லாவோ ட்சுவைப் பற்றியும் கவலையில்லை. நிலமிழந்தவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறார்களே என்பதுதான் அவருடைய கவலை. தாவோ ஒடுக்குமுறையின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு யோசனையில் அடங்கியிருக்கிறது. லிங் சக்கரவர்த்தி அதைப் பொருட்படுத்தவில்லை. உத்தியோக வியாபாரத்தில் மூழ்கியிருந்தவருக்கு அவகாசம் ஏது!

கி.பி. 184 வந்தது. சீனர்களுக்கும் நம் பிரபவ, விபவ போல அறுபது வருஷச் சுற்று உண்டு. அந்தச் சுற்றின் முதல் வருஷம் அது. பழைய வானம் முடிந்தது, புதிய மஞ்சள் வானம் வருகிறது என்பது இயக்கத்தாரின் சொல். அந்த வருஷத்தின் பெயரை வெள்ளை மண்ணால் தலைநகர் லோயாங்கின் காரியாலயக் கதவுகளிலும் மாகாணக் கச்சேரிகளின் வாசல்களிலும் எழுதி வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் எழுதிப் பழகிய தோழர்களுக்கு அந்தக் கைகளை அடையாளம் தெரியும்.

நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் உள்ளேயே இருந்த ஒருவன் காட்டிக் கொடுத்தான். தலைநகரில் வேலை செய்துகொண்டிருந்த மா யுவான்யி என்ற தலைவரைப் பிடித்து, வண்டிகளில் கட்டி, உடலைக் கிழித்துக் கொன்றார்கள். அரண்மனைக் காவலர்கள் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தலை வெட்டப்பட்டார்கள். காத்திருக்க நேரமில்லை என்று கண்ட சாங் ஜுவே உடனே எழும்படி எல்லாப் பிரிவுகளுக்கும் ஆள் விட்டார். தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஜனங்கள் எழுந்தார்கள். கச்சேரிகள் எரிந்தன. அதிகாரிகள் ஓடினார்கள்.

ராஜாங்கம் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? அதுவரை அரசியலிலிருந்து தள்ளி வைத்திருந்த படித்த மேல்குடிக் கோஷ்டிக்கு மன்னிப்பு! அவர்கள் மஞ்சள் துணிக்காரர்களோடு சேர்ந்துவிடக் கூடாது என்ற பயம். நேற்று வரை அடித்துக்கொண்ட மேல்தட்டு ஒரே நாளில் ஒன்றாகிவிட்டது.

பிறகு படை வந்தது. குவாங்சுங் என்ற இடத்தில் முப்பதாயிரம் தலைகள், ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் ஐம்பதாயிரம். சியாசூயாங்கில் லட்சத்துக்கு மேல். அந்தப் பிணங்களைக் குவித்து மண்மேடு எழுப்பினார் தளபதி ஹுவாங்ஃபூ சுங். இவை ராஜாங்கத்துச் சரித்திரக்காரர்கள் எழுதிய கணக்கு. வென்றவன் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வான் என்று வைத்துக்கொண்டாலும், கூட்டிச் சொல்வதைப் பெருமையாக நினைத்தார்கள் பாருங்கள்! சாங் ஜுவே அதற்குள் நோயால் இறந்து போயிருந்தார். விடவில்லை. சவப்பெட்டியை உடைத்துத் தலையை அறுத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள்.

மறு வருஷம், 185இல், அரண்மனையில் தீப்பிடித்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று லிங் சக்கரவர்த்தி நிலத்துக்கு 'மூ' ஒன்றுக்குப் பத்துக் காசு கூடுதல் வரி போட்டார். மூ என்பது அவர்களுடைய நில அளவு. மண்மேட்டில் புல் முளைப்பதற்குள் வரிக்காரன் வந்து நின்றான்.

இதே சமயத்தில் தென்மேற்கே இன்னொரு சங்கதி நடந்து கொண்டிருந்தது. செச்சுவான் பகுதியில் 142இல் லாவோ ட்சு தமக்குக் காட்சி தந்ததாகச் சொல்லி சாங் தாவ்லிங் என்பவர் ஒரு சபை தொடங்கியிருந்தார். (சாங் ஜுவேக்கும் இவருக்கும் குடும்பப் பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது.) சேருகிற குடும்பம் ஐந்து தௌ அரிசி கொடுக்க வேண்டும். ஒரு தௌ நம்முடைய படிக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால் 'ஐந்து தௌ அரிசிக்காரர்கள்' என்று இவர்களைக் கேலியாக அழைத்தார்கள். இந்தச் சபை சாங் தாவ்லிங்கின் பேரன் சாங் லூவின் காலத்தில் ஹான்சுங் என்ற மலைநாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஆட்சியே நடத்திற்று.

எப்படிப்பட்ட ஆட்சி? ராஜாங்கத்து அதிகாரிகள் கிடையாது. சபையின் மூத்தவர்களே ஊர்க் காரியங்களைப் பார்த்தார்கள். சாலை நெடுக தர்மச் சத்திரங்கள் கட்டி, அரிசியும் இறைச்சியும் வைத்தார்கள். வழிப்போக்கன் வயிற்றுக்குத் தேவையானதை எடுத்துச் சாப்பிடலாம், காசு கிடையாது. அளவுக்கு மேல் எடுத்தால் பேய் பிடித்து நோய் வரும் என்பதுதான் காவல்! தவறு செய்தவனுக்கு மூன்று முறை மன்னிப்பு, அதற்குப் பிறகுதான் தண்டனை. சிறு தவறு என்றால் நூறு அடி தூரம் சாலையைச் செப்பனிட்டால் போதும். வசந்தத்திலும் கோடையிலும் உயிர்க்கொலை கூடாது. சாராயம் கூடாது. சீனர்களும் மலைச்சாதி மக்களும் சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்தச் சபையை விரும்பாத ராஜாங்கத்துச் சரித்திரமே, அங்கே ஜனங்கள் சுகமாக இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறது. ஹான்சுங்கைச் சொர்க்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆட்சி தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் பரம்பரையாக வந்தது, அவரிடம் படையும் இருந்தது. ஆனாலும் பயணி இலவசமாகச் சோறு தின்ற சாலைகள் அந்த நாளில் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

215இல் ட்சாவ் ட்சாவின் பெரும்படை வந்தது. சாங் லூ பின்வாங்கும்போது, பண்டகசாலையைக் கொளுத்திவிடலாம் என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள். வேண்டாம், அது ராஜ்யத்தின் சொத்து என்று சொல்லி முத்திரை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். ஜனங்கள் கொடுத்த பொருள் ராஜ்யத்தின் சொத்தாகிவிட்டது! ட்சாவ் ட்சாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சாங் லூவுக்குப் பிரபுப் பட்டம், பதினாயிரம் குடும்பங்களின் வருமானம். பிள்ளைகளுக்கும் பட்டம். அவர் மகளை ட்சாவ் ட்சாவின் மகனுக்குக் கட்டி வைத்துச் சம்பந்தமும் பேசி முடித்தார்கள். ஹான்சுங்கின் ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை லோயாங்குக்கும் யே நகரத்துக்கும் குடிபெயர்த்தார்கள். அவர்கள் மனம் மகிழ்ந்து தாமாகவே போனார்கள் என்று அதே சரித்திரம் சொல்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் மூட்டை முடிச்சோடு நடந்தவரில்லை.

குருவின் குடும்பத்துக்குப் பட்டம், கூட்டத்தைப் பிரித்து நாலு திசைக்கு அனுப்பு. பிற்காலத்துச் சக்கரவர்த்திகள் எல்லோருக்கும் ட்சாவ் ட்சாவ் எழுதிக் கொடுத்த பாடம் இதுதான்.

மதம் ஒன்றாயிருந்தால் மனிதர்கள் ஒன்றாகிவிடுவார்களா? இதற்குக் கிழக்குக் கடற்கரையில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இருநூறு வருஷம் தள்ளி, கிழக்கு ஜின் ராஜ்யத்தில், ஐந்து தௌ அரிசி மதம் பெரிய வீடுகளுக்குள்ளும் நுழைந்திருந்தது. சீனத்தின் மிகப் பெரிய எழுத்துக் கலைஞர் வாங் சீஜியின் குடும்பம் இந்த மதம். அவர் மகன் வாங் நிங்ஜி, குவாய்ஜி என்ற ஜில்லாவின் அதிகாரி. 399இல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுக் குத்தகைக்காரர்களாக இருந்தவர்களைப் பிடித்துத் தலைநகருக்குப் படை வேலைக்குக் கொண்டு போக வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஊர்கள் கொதித்தன. தீவுகளில் ஒளிந்திருந்த சுன் என் கரைக்கு வந்தார். சில நாட்களில் பல லட்சம் பேர் அவரோடு சேர்ந்தார்கள். சுன் என்னும் அதே ஐந்து தௌ அரிசி மதம்!

வாங் நிங்ஜி என்ன செய்தார்? கோட்டைக் கதவைப் பலப்படுத்தவில்லை. பூஜை அறைக்குள் போய்ப் பிரார்த்தனை செய்துவிட்டு வந்து, பூதப்படையை வரவழைத்திருக்கிறேன், கவலை வேண்டாம் என்றார். பூதப்படை வரவில்லை, சுன் என்தான் வந்தார். ஒரே சாமியைக் கும்பிட்டவர்கள் ஒரு பக்கம் அதிகாரியாகவும் மறு பக்கம் பிடித்துச் செல்லப்பட்டவர்களாகவும் நின்றபோது, சாமி நடுவில் நிற்கவில்லை. அதிகாரி வெட்டப்பட்டார். சுன் என்னின் கூட்டத்தார் செய்த கொலைகளும் கொள்ளையும் கொஞ்சமல்ல, அதை மறைக்க நான் தயாரில்லை. 402இல் தோற்று அவர் கடலில் குதித்தார். அவர் நீர்த்தெய்வமாகிவிட்டார் என்று நம்பி எத்தனையோ பேர் கூடவே குதித்தார்கள். மீந்தவர்கள் 411 வரை போராடினார்கள்.

இந்த நூற்றாண்டுகளில் லீ ஹுங் என்ற பெயரைக் கேட்டால் அதிகாரிகளுக்கு ஜுரம் வரும். லாவோ ட்சு மறுபடி பிறப்பார், லீ ஹுங் என்ற பெயரில் வருவார், உலகம் சமாதானமாகும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஒருவனைப் பிடித்துத் தலையை வாங்கினால் வேறொரு மாகாணத்தில் இன்னொரு லீ ஹுங் எழுந்தான்.

வாளால் தீராததைத் தீர்க்க ஓர் ஆள் கிடைத்தார். வட வெய் ராஜ்யத்தில் கௌ சியென்ஜி. லாவோ ட்சு எனக்கு 415இல் காட்சி கொடுத்து, மதத்தைச் சுத்தம் செய் என்றார் என்று இவர் அறிவித்தார். சுத்தம் என்றால் என்ன? லீ ஹுங் என்று சொல்லித் திரிகிறவர்கள் எல்லாம் பொய்யர்கள். சாங் குடும்பத்தார் ஏற்படுத்திய அரிசி வசூல் ஒழிய வேண்டும். அதாவது, ராஜாவுக்கு எதிரான நம்பிக்கை போக வேண்டும், சபையின் தனிக் குதிர் போக வேண்டும். மீதி இருக்கலாம்! தாய்வூ சக்கரவர்த்தி இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். 440இல் தம் ஆட்சி வருஷத்துக்கே 'பெரும் சமாதானத்தின் மெய்யான அதிபதி' என்று பெயர் வைத்தார். 442இல் தாவோ தீட்சை வாங்கிக்கொண்டார். சாங் ஜுவே எந்தச் சொல்லுக்காகச் சவப்பெட்டியிலும் நிம்மதி இல்லாமல் போனாரோ, அதே 'பெரும் சமாதானம்' சக்கரவர்த்தியின் பட்டமாகிவிட்டது.

555இல் வட சி அரசன் தாவோ துறவிகளைத் தலையை மழித்துக்கொண்டு புத்த பிக்ஷுக்களாகும்படி கட்டளையிட்டான். 574இல் வட ஜோ அரசன் புத்த மதம், தாவோ மதம் இரண்டையுமே தடை செய்தான். பக்தியில் பிறந்த சண்டை என்று இவற்றைச் சிலர் வர்ணிப்பார்கள். துறவியானவன் வரி கட்டுவதில்லை, கட்டாய வேலைக்கு வருவதில்லை, படைக்கும் வருவதில்லை. போருக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வட ஜோ அரசனின் கண் எங்கே இருந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

தாவோ மதத்துக்குப் பொற்காலம் என்று தாங் வமிசத்தைச் சொல்வார்கள். அந்த ராஜ குடும்பத்தின் பெயர் லீ. லாவோ ட்சுவின் குடும்பப் பெயரும் லீ என்பது ஐதீகம். ஆகவே அவர் எங்கள் மூதாதை என்று சொல்லிவிட்டார்கள்! 666இல் லாவோ ட்சுவுக்குச் சக்கரவர்த்திப் பட்டம். 741இல் தாவோ நூல்களைப் படிக்கத் தனிப் பள்ளிக்கூடங்கள், அதில் தேறினால் உத்தியோகம். சரி, அதே தாங் சட்டத்தைப் பாருங்கள். சர்க்கார் அனுமதி இல்லாமல் தாவோ துறவியானால் தடியால் நூறு அடி. தீட்சை கொடுத்தவனுக்கும் நூறு அடி. வருங்காலத்தைப் பற்றி மாயச் சொல், மாயப் புத்தகம் உண்டாக்கினால் கழுத்தை இறுக்கி மரண தண்டனை. லாவோ ட்சுவே அந்த நாளில் திரும்பிப் பிறந்து, லைசென்ஸ் இல்லாமல் கிராமத்தில் பேசியிருந்தால், தம் 'பேரன்களின்' கையாலேயே செத்திருப்பார். 755இல் கலகம் மூண்டு கஜானா காலியானதும் துறவுச் சீட்டுக்களை ராஜாங்கமே விலைக்கு விற்றது. 11ஆம் நூற்றாண்டில் சுங் வமிசம் அதை ஒரு நிரந்தர வியாபாரமாகவே ஆக்கிற்று. வரியிலிருந்து தப்ப வசதியுள்ளவன் சீட்டு வாங்கினான். இல்லாதவனுக்குத் தடியடி.

ராஜாவின் தயவை நம்பிய பூசாரிக்கும் அது நிலையான சொத்தாக இல்லை. 845இல் வூசுங் சக்கரவர்த்தி புத்த மடங்களை ஆயிரக்கணக்கில் இடித்தபோது பக்கத்தில் நின்று தூபம் போட்டவர் சாவ் குவெய்சென் என்ற தாவோ குரு. 846இல் வூசுங் செத்தார். புதிய சக்கரவர்த்தி வந்ததும் சாவ் குவெய்சென்னை அடித்தே கொன்றார்கள்.

12ஆம் நூற்றாண்டில் வட சீனாவில் ஜின் ஆட்சி. வாங் சுங்யாங் என்பவர் பிச்சையெடுத்து வாழ்ந்து, ஷாந்துங்கின் ஊர்களில் சாதாரண ஜனங்களின் சங்கங்களை அமைத்தார். 'சுவான்சென்', முழு மெய் என்பது இயக்கத்தின் பெயர். பெண்களும் குருவாகலாம். சங்கம் என்றதும் சர்க்காருக்குப் பழைய மஞ்சள் துணி நினைவு வந்துவிட்டது. ஜனங்களைக் கெடுக்கிறார்கள் என்று 1190இல் தடை. இந்தக் கிளையின் சியூ சூஜி என்ற கிழவர் 1220இல் புறப்பட்டு மலைகளைக் கடந்து 1222இல் செங்கிஸ்கானைச் சந்தித்தார். மறு வருஷம் இவருடைய ஆட்களுக்கு வரிவிலக்குச் சாசனம் கிடைத்தது. அந்தச் சாசனத்தைக் காட்டி அடிமைப்பட்டவர்களையும் சாவின் விளிம்பில் இருந்தவர்களையும் இருபது முப்பதாயிரம் பேரை மீட்டார்கள் என்று யுவான் சரித்திரம் சொல்கிறது. மங்கோலியர் வாள் சுழன்ற அந்த நாட்களில் இது பெரிய காரியம். அதை வணங்குகிறேன். ஆனால் அதே சாசனத்தின் பலத்தில் மடங்கள் பெருத்தன, நிலமும் ஆளும் சேர்ந்தன, புத்தர்களின் கோயில்களையும் பிடித்துக்கொண்டார்கள். லாவோ ட்சுதான் மேற்கே போய்ப் புத்தராக ஆனார் என்று ஒரு பழைய கதையை வேறு பரப்பினார்கள்.

இரண்டு மடங்களின் சண்டையில் மத்தியஸ்தம் செய்ய மங்கோலிய ராஜாங்கம் வந்து உட்கார்ந்தது. 1258இல் குப்ளாய் முன்னிலையில் வாதம். தோற்ற தாவோ துறவிகள் பதினேழு பேருக்குத் தலையை மழித்தார்கள். 1281இல் குப்ளாய் கானின் கட்டளை: 'தாவோ தே சிங்' தவிர மற்ற எல்லாத் தாவோ நூல்களையும் அச்சுக் கட்டைகளையும் கொளுத்து! 1244இல் முடித்த பெரும் தொகுப்பு, ஏழாயிரம் பகுதிகளுக்கு மேல், நெருப்புக்குப் போயிற்று. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1276இல், இதே குப்ளாய் தெற்கே லுங்ஹூ மலையிலிருந்த சாங் பரம்பரைக் குருவை அழைத்து மரியாதை செய்தார். வடக்கே ஏட்டுக்கு நெருப்பு, தெற்கே குருவுக்குப் பட்டம். தெற்குச் சீனாவை அப்போதுதான் புதிதாகப் பிடித்திருந்தார். அங்கே ஜனங்களைச் சமாளிக்க ஒரு சாமியார் வேண்டியிருந்தது.

மிங் வமிசத்தை நிறுவிய ஜூ யுவான்சாங் ஏழை விவசாயியின் பிள்ளை. பஞ்சத்தில் பெற்றோரை இழந்து மடத்தில் சேர்ந்தவர், பிச்சையெடுத்தவர், மத நம்பிக்கையோடு எழுந்த சிவப்புத் தலைப்பாகைக் கிளர்ச்சியில் சேர்ந்து மேலே வந்தவர். 1368இல் சிம்மாசனம் ஏறினார். ஏறியதும் ஏணியை எட்டி உதைத்தார்! அந்தக் கிளர்ச்சியை வளர்த்த வெண்தாமரை முதலிய சபைகளுக்கெல்லாம் தடை. லுங்ஹூ மலைக் குருவின் 'வானகக் குரு' என்ற பட்டத்தையும், வானத்துக்கு ஒரு குருவா என்று கேட்டுக் குறைத்துவிட்டார். 1391இல் வந்த விதி இன்னும் ருசியானது. துறவிகள் ஒரு பெரிய ஜில்லாவுக்கு நாற்பது பேர், நடுத்தர வட்டத்துக்கு முப்பது, சிறிய தாலுகாவுக்கு இருபது. அதற்கு மேல் கூடாது. ஆணுக்கு நாற்பது வயதும் பெண்ணுக்கு ஐம்பது வயதும் நிறைந்த பிறகே துறவு. உடம்பில் வலுவிருக்கும் வரை வயலிலும் கால்வாய் வெட்டிலும் கிட. வலு தீர்ந்த பிறகு கடவுளைத் தேடு!

சபை கூட்டுகிறவனுக்கு மிங் சட்டத்தில் தூக்கு. அவனைப் பின்பற்றியவனுக்கு நூறு அடியும் மூவாயிரம் லீ தூரத்துக்கு நாடு கடத்தலும். ஒரு லீ நம் மைலில் மூன்றில் ஒரு பங்கு. சிங் வமிசமும் இதே சட்டத்தை வைத்துக்கொண்டது. அனுமதியில்லாத மதத்துக்குச் சட்டத்தில் அவர்கள் வைத்த பெயர் 'இடது வழி'. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை தோழர்களே, சீன வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்!

சிங் சக்கரவர்த்திகளின் காலத்தில் தாவோ குருவின் நிலை ஓர் உத்தியோகஸ்தனின் நிலைதான். சியென்லுங் 1752இல் லுங்ஹூ மலைக் குருவை ஐந்தாம் படிக்கு இறக்கினார், 1766இல் மூன்றாம் படிக்கு ஏற்றினார். குருவும் இறங்கினார், ஏறினார். 1898இல் ராஜாங்கப் பதிவேட்டில் இல்லாத கோயில்களைப் பள்ளிக்கூடமாக மாற்றும்படி உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் வேண்டியதுதான். ஆனால் பதிவேட்டில் இல்லாத கோயில் யாருடைய கோயில்? ஊரார் காசு போட்டுக் கட்டிய கோயில்.

சக்கரவர்த்திகள் 1912இல் போனார்கள். பிறகு நடந்தது இந்தக் கட்டுரையின் விஷயமில்லை என்றாலும் ஒன்றை விட்டுவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. 1966 முதல் 1976 வரை கலாசாரப் புரட்சி என்ற பேரில் தாவோ கோயில்களைப் பூட்டினார்கள், சிலைகளை உடைத்தார்கள், துறவிகளை விரட்டினார்கள். சிவப்புக் கொடியின் பேரால் நடந்த காரியம் அது. சிலையை உடைத்ததால் ஒரு நோயாளிக்கும் மருந்து கிடைத்துவிடவில்லை. பின்னால் அந்தக் கோயில்களில் பலவற்றை மறுபடி திறந்தார்கள்.

'தாய்பிங் சிங்' என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குப்ளாய் வைத்த நெருப்புக்குத் தப்பிய நூல்களைத் திரட்டி 1445இல் மிங் ராஜாங்கமே ஒரு பெரும் தொகுப்பை அச்சிட்டது. ஐயாயிரத்து முந்நூறு பகுதிகள். அதில் 'தாய்பிங் சிங்'கும் இடம் பெற்றது. ஆரம்பத்தில் அதற்கு 170 பகுதிகள். தொகுப்பில் சேர்ந்தது 57 மட்டுமே. வாங் மிங் என்ற சீன அறிஞர் மற்ற நூல்களில் சிதறிக் கிடந்த துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்து 1960இல் அதைப் பதிப்பித்தார். களஞ்சியத்து எலியைப் பற்றிய பகுதி அந்த 57இல் தப்பித்திருக்கிறது.